வில்லனுக்கு மேக்கப் தேவையில்லையாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கட வாசகர் பக்கத்தில ஒரு ஐயா எழுதியிருந்தார், பிள்ளைகள் குடும்பத்தோட இருந்து பாக்கிற விண்வெளித் தொடர்கள்ல போய் ஆர் கறுப்பு ஆர் வெள்ளை, வில்லன் எந்த இனம் எண்டு கணக்குப் பாக்கிறது வேலைவெட்டி இல்லாத ஆக்கள்ட வேலை, வேற்றுக்கிரகத்தில இருக்கிறவன் பச்சையா இருந்தா என்ன நீலமா இருந்தா என்ன, அதுக்குள்ள ஏன் இனத்தைக் கொண்டு வாறீங்கள் எண்டு. வாசிச்சிட்டு பேப்பரை மடிச்சு வச்சிட்டன். பிறகு தேத்தண்ணி குடிக்கேக்க திரும்ப எடுத்து வாசிச்சன். அந்த ஐயாவோட எனக்குக் கோவம் ஒண்டும் இல்லை, நானும் ஒரு காலத்தில அப்பிடித்தான் கதைச்சிருப்பன், ஆனா இந்த வருஷம் எங்கட வீட்டில ஒரு விஷயம் நடந்தது, அதைச் சொல்லாமல் இருக்க ஏலாமல் கிடக்கு. கொஞ்சம் நீட்டாத்தான் வரும், வெட்டுறதெண்டா தயவுசெய்து நடுவில வெட்டாதேங்கோ.

நான் வெள்ளவத்தையில இருக்கிறன், கோட்டையில ஒரு ஒபிஸ்ல கணக்குப் பகுதியில வேலை, வயசு 50. இந்த விண்வெளிக் கதைப் பைத்தியம் எனக்கு 80களிலயே பிடிச்சிட்டுது. அப்ப வீட்டில டெக் இல்லை, சனிக்கிழமை பின்னேரம் டெக்கும் நாலு கசட்டும் வாடகைக்கு எடுத்து வந்து ஞாயிறு ராவைக்குள்ள எல்லாத்தையும் பாத்து முடிச்சுத் திருப்பிக் குடுக்க வேணும், மூண்டு ரஜினி படத்துக்கு ஒரு இங்கிலீஷ் கசட் எண்டு அண்ணாவோட சண்டை பிடிச்சுத்தான் என்ட பங்கு கிடைக்கும். இப்ப தங்கச்சிட மகனுக்கு அதே பைத்தியம். ஒம்பது வயசு, ஒரே வீட்டிலதான் இருக்கிறம், ராச்சாப்பாடு முடிய பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு பெரியம்மா எண்டு வந்து நிப்பான், ஒரு எபிசோட் எண்டு தொடங்கி ரெண்டாப் போகும், தங்கச்சி குசினிக்குள்ள நிண்டு கத்துவா, அக்கா அவனை நித்திரைக்கு விடுங்கோ எண்டு.

அவன்ட பள்ளிக்கூடத்தில வருஷக் கடைசிக் கொன்சர்ட்டுக்கு ஒரு விண்வெளி நாடகம் போட்டினம். பூமியைப் பிடிக்க வாற கிரகத்து ராசா இவன்தான். வந்து சொல்லேக்க கால் நிலத்தில படேல்லை, ஏனெண்டா ஹீரோவுக்கு நாலு வசனம், ராசாவுக்குப் பதினொண்டு, அதோட ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை பாத்ரூமுக்குள்ள நிண்டு பழகிப் பழகி கீழ்வீட்டு அன்ரி ஏறி வந்து என்ன பிள்ளை சத்தம் எண்டு கேக்கிற அளவுக்குப் போச்சுது. ராசாவுக்கு ஆறு படைவீரர். எல்லாருக்கும் முகத்தில கறுப்பு பூசுறதாம், மேக்கப்புக்கு ஆளுக்கு 400 ரூபா கொண்டு வரச் சொல்லி டயரியில எழுதி விட்டிருந்திச்சு. இவன் காலமை 400 ரூபாயைக் கொண்டு போனவன் பின்னேரம் அப்பிடியே திருப்பிக் கொண்டு வந்தான். "டீச்சர் எனக்குத் தேவையில்லையாம் பெரியம்மா, நான் இப்பிடியே ஓகேயாம். காசு மிச்சம்" எண்டு சந்தோசமாத்தான் சொன்னான். தங்கச்சி சோறு போட்டுக்கொண்டு நிண்டவா, அகப்பை அந்தரத்தில நிண்டுது.

அந்த டீச்சர் கெட்டவ இல்லை, அதையும் சொல்ல வேணும். எங்கட கலர்தான் அவவும். பகிடியாச் சொல்லியிருப்பா, இல்லாட்டி காசை மிச்சம் பிடிக்கச் சொல்லியிருப்பா. ஆனா ரெண்டு நாள் கழிச்சு லைட் நிப்பாட்டினாப் பிறகு இருட்டுக்குள்ள கேட்டான், "பெரியம்மா, மற்றப் பெடியளுக்குப் பூசினாத்தான் கெட்டவன் மாதிரித் தெரியும், எனக்குப் பூசாமலே தெரியுதோ?" எண்டு.

இப்ப ஐயாட கேள்விக்கு வாறன், வேற்றுக்கிரகத்துக்குள்ள இனம் எங்க இருந்து வந்தது எண்டதுக்கு.

ஸ்டார் ட்ரெக் எண்ட விண்வெளித் தொடர் 1966 செப்டம்பரில அமெரிக்காவில தொடங்கினது. அந்தக் காலத்துக்கு அது செய்தது சின்ன விஷயம் இல்லை, கப்பலில அதிகாரியா ஒரு கறுப்பினப் பொம்பிளை, உஹுரா, நிஷெல் நிக்கல்ஸ் நடிச்சவ, அவ தொடரை விட்டிட்டுப் போக வெளிக்கிடேக்க மார்ட்டின் லூதர் கிங்கே போகாதேங்கோ எண்டு மறிச்சவர் எண்டு அவவே பல தரம் சொல்லியிருக்கிறா. அவவுக்குப் பக்கத்தில சூலு எண்ட பாத்திரமா ஜோர்ஜ் டக்கே, ரெண்டாம் உலக யுத்தக் காலத்தில ஜப்பான் வம்சாவளி எண்ட ஒரே காரணத்துக்காக சின்னப்பிள்ளையா தாய் தேப்பனோட அமெரிக்க முகாமில அடைபட்டுக் கிடந்தவர். கப்பலுக்கு உள்ள எல்லாம் நல்லாத்தான் இருந்தது. வெளியால வந்தவங்களைப் பாருங்கோ. 1967ல கிளிங்கன் எண்ட எதிரி இனம் வந்தாங்கள், வெள்ளைக்கார நடிகர்மாருக்கு முகத்தில மண்ணிறத்தைப் பூசி, புருவத்தை ஏத்தி, மீசையைக் கீழ தொங்க விட்டு. முதல் கிளிங்கனா நடிச்ச ஜோன் கொலிகோஸ் தான்தான் செங்கிஸ்கானை மனசில வச்சு மேக்கப் போடுவம் எண்டு யோசனை குடுத்ததாச் சொன்னவர். ஆக அந்த வேற்றுக்கிரகவாசி எந்தக் கிரகத்தில இருந்து வந்தவன்? மொங்கோலியாவில இருந்து. அதே 1967 பெப்ரவரியில கான் நூனியன் சிங் எண்டு ஒரு வில்லன், வட இந்தியப் பக்கம், சீக்கியனா இருக்கலாம் எண்டு வசனத்திலயே வருது, நடிச்சது மெக்சிகோக்காரர் ரிக்கார்டோ மொன்டல்பான், நல்லாத்தான் நடிச்சார், ஆனா 2013ல வந்த படத்தில அதே கானா நிண்டது பெனடிக்ட் கம்பர்பாச் எண்ட வெள்ளைக்காரர். பேரும் பழியும் மட்டும் எங்கட பக்கத்துக்கு, சம்பளம் வேற ஆளுக்கு.

பி.பி.சியின்ர டொக்டர் ஹூ இன்னும் நல்ல உதாரணம், ஏனெண்டா அது சனிக்கிழமை பின்னேரம் முழுக் குடும்பமும் ஒண்டா இருந்து பாக்கிறதுக்கெண்டே 1963 நவம்பர் 23ல தொடங்கின தொடர். ஹீரோவுக்குப் பேரே டொக்டர், காலத்தையும் கிரகத்தையும் தாண்டிப் போற ஆள், சாகிற நேரம் உடம்பு மாறும், அதால நடிகரும் மாறுவினம், சில நேரம் ஆண், சில நேரம் பொம்பிளை. அடுத்த மாசமே டாலெக் எண்ட எதிரி வந்திட்டுது. பாத்தவங்களுக்குத் தெரியும், அது ஒரு தகர டப்பா, மிளகாய்த்தூள் போத்தல் மாதிரி, முகமே இல்லை. ஆனா அதுக்கு ஒரு கொள்கை இருந்தது, என்னை மாதிரி இல்லாத எதையும் அழி எண்டு. டெரி நேஷன் எண்ட எழுத்தாளர் ஹிட்லர்ட நாசிகளை நினைச்சு எழுதினது. பிள்ளைகள் சோபாவுக்குப் பின்னால ஒளிச்சு நிண்டு பாத்தாங்கள் எண்டு இங்கிலாந்தில இண்டைக்கும் சொல்லுவினம். ஒரு தோலோ மூக்கோ கண்ணோ இல்லாமல், கொள்கையை மட்டும் வச்சு இவ்வளவு பயத்தைக் காட்டலாம் எண்டு தொடங்கின உடனயே தெரிஞ்சு வச்சிருந்தவை, பிறகு ஏன் சோம்பேறித்தனத்துக்குப் போனவை எண்டதுதான் எனக்கு விளங்காத விஷயம். 1966ல செலஸ்டியல் டோய்மேக்கர் எண்ட வில்லன், மைக்கல் கோஃப் எண்ட இங்கிலீஷ்காரருக்கு சீனத்துப் பிரபு உடுப்பு, ஏன் எண்டு கதையில ஒரு காரணமும் இல்லை, உடுப்பைப் பாத்தவுடன மர்மம் எண்டு சனம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். 1977ல வந்த ஆறு எபிசோட் கதை இன்னும் மோசம். பழைய லண்டன், சீன வித்தைக்காரன், ஆனா நடிச்சவர் ஜோன் பெனட், வெள்ளைக்காரர், கண்ணிமையை இழுத்து ஒட்டி மேக்கப் போட்டவை. இதில வேடிக்கை என்னெண்டா கதைப்படி அவன் பெரிய வில்லனே இல்லை, எதிர்காலத்தில இருந்து ஓடி வந்த ஒரு போர்க்குற்றவாளியை, அவன் வெள்ளைக்காரன், கடவுள் எண்டு நம்பி ஏமாந்துபோன ஆள். அந்தப் போர்க்குற்றவாளி முகமூடிக்குப் பின்னால ஒளிச்சிருக்கிறான். ஆறு கிழமையும் பிள்ளைகள் பாத்துப் பயந்தது ஆற்ற முகத்தை? எங்கட அண்ணா இருக்கிற ஒன்டாரியோவில மாகாண டிவி இந்தக் கதையைப் போடாமல் விட்டது, அங்க இருக்கிற சீன ஆக்கள் சொன்னதைக் கேட்டு.

இந்த இடத்தில வழமையா மற்றப் பக்கத்து ஆக்கள் வருவினம், அப்ப இனிமேல் கறுத்த நடிகர் ஒருத்தரையும் வில்லனாப் போடவே கூடாது எண்டு. நான் அதுக்கும் ஒத்துக்கொள்ள மாட்டன். பாத்ரூமுக்குள்ள சிரிச்சுப் பழகின பிள்ளையைக் கண்டனான் நான். வில்லன் வேஷம் எண்டது ஒரு சொத்து, அதைப் பறிச்சுப்போட்டு நண்பன் வேஷமும் டொக்டர் வேஷமும் குடுத்தா அது மரியாதை இல்லை. கந்தசஷ்டிக்கு பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்குப் போய் சூரன் போர் பாருங்கோ, பிள்ளைகள் ஒருத்தரும் முருகன் நிக்கிற பக்கம் பாக்கிறேல்லை, எல்லாரும் சூரன்ட பின்னால ஓடுவாங்கள். ஆனைமுகம் போய் சிங்கமுகம் வரும், பிறகு சொந்த முகம், மாமரம், பெடியள் தோளில வச்சு ஆட்டுற ஆட்டத்தில சூரனுக்குத்தான் மூச்சு வாங்கிற மாதிரி இருக்கும். கடைசியில முருகன் அவனை இல்லாமல் செய்யேல்லை, சேவலையும் மயிலையும் தன்னோட வச்சுக்கொண்டார். சூரன் ஏன் சண்டைக்கு வந்தவன், ஆர் பெற்றது, என்ன வரம் வாங்கினவன், எல்லாம் எங்கட அம்மம்மா கதை கதையாச் சொல்லுவா. அதுதான் வில்லன்.

அதை விடுங்கோ, நாங்கள் இருக்கிறதே வில்லன்ட ஊர்தானே! ராமாயணத் தொடர் டிவியில போகேக்க இந்தியா முழுக்கக் குடும்பம் குடும்பமா இருந்து பயந்து பாத்தது எங்கட இலங்கை ராசாவை. இங்க என்ன நடந்தது? 2019ல நாடு விண்வெளிக்கு அனுப்பின முதல் செய்மதிக்கு ராவணா-1 எண்டு பேர் வச்சவை. ஒரு கிலோ அளவுதான் வரும், ஒரு கையில பிடிக்கலாம், ஆர்தர் சி கிளார்க் நிறுவனத்து எஞ்சினியர்மார் ரெண்டு பேர் ஜப்பானில இருந்து செய்தது, நேபாளத்துக்காரர்ட முதல் செய்மதியோட சேந்து போனது. ஒரு கரையில பத்துத் தலை அரக்கன், மற்றக் கரையில முதல் விண்வெளிக்காரன். ஆள் ஒண்டுதான், எங்க இருந்து பாக்கிறம் எண்டதுதான்.

ஆகவே என்ட முறைப்பாடு வில்லன்ட தோல் என்ன நிறம் எண்டதில இல்லை. அவன் செய்த வேலைக்குப் பதிலா தோலைக் காட்டிப்போட்டு விடுறதிலதான். இதை எனக்கு நல்லா விளங்கப்படுத்தினது 2020 ஜனவரியில வந்த ஒரு டொக்டர் ஹூ கதை. டொக்டருக்கு நெடுங்கால எதிரி மாஸ்டர், அந்த வேஷத்துக்கு முதல் தரம் தெற்காசிய வம்சாவளி நடிகர், சாஷா தவான். அச்சா நடிப்பு, சிரிச்சா உங்களுக்கும் சிரிப்பு வரும் அதே நேரம் பயமும் வரும், எங்கட பெடியன் சிரிப்புப் பழகினதே அவரைப் பாத்துத்தான். கதை நாசிகள் பிடிச்சு வச்சிருந்த பாரிசுக்குப் போகுது. மாஸ்டர் நாசி யூனிபோர்மில நிக்கிறான், மண்ணிறத் தோலோட எப்பிடி நாசிகளுக்குள்ள நிக்க ஏலும் எண்டா, பாக்கிறவன்ட கண்ணை ஏமாத்திற ஒரு கருவி வச்சிருக்கிறான், அவங்களுக்கு அவன் வெள்ளையாத் தெரியுறான். சரி, நல்ல ஐடியா. ஆனா முடிவில டொக்டர் என்ன செய்யிறா எண்டா, அவன் பிரித்தானியாவுக்கு உளவாளி எண்டு பொய்ச் செய்தி ஒண்டைப் பரப்பி, அந்தக் கருவியைக் குழப்பி விட்டு, இனி உன்ட உண்மையான முகத்தை அவங்கள் பாப்பாங்கள் எண்டு சொல்லி நாசிப்படையிட்ட விட்டிட்டுப் போறா. மாஸ்டர் அந்தக் கதையில எத்தினை பேரைக் கொண்டவன், எத்தினை உலகத்தை ஏமாத்தினவன். கடைசியில மாட்டுப்பட்டது அதுக்கில்லை, ஒரு பொய்ச் செய்திக்கும் மண்ணிறத்துக்கும். மாட்டி விட்டது ஹீரோ. அதே எபிசோடில நூர் இனாயத் கானும் வாறா, உண்மையில வாழ்ந்தவ, பிரித்தானியாவுக்காக ஒளிச்சிருந்து வயர்லெஸ் அடிச்சு கடைசியில 1944ல நாசிகள்ட டாக்கவ் முகாமில கொல்லப்பட்டவ, தேப்பன் இந்தியர். அவவையும் வச்சுக்கொண்டு இந்த முடிவை எழுதினவைக்குக் கை நடுங்கேல்லையோ தெரியாது. பக்கத்தில இருந்து பாத்த எங்கட பெடியன் ஒண்டும் சொல்லேல்லை. நானும் ஒண்டும் சொல்லேல்லை. நிப்பாட்டிப்போட்டுப் படுத்திட்டம்.

முகம் மட்டும் இல்லை, நாக்கும் இருக்கு. வில்லனுக்கு ஒரு உச்சரிப்பைக் குடுத்துவிட்டா பாதி வேலை முடிஞ்சுது எண்டு நினைக்கிறது பழைய பழக்கம், எந்த நாட்டுத் தொடரிலயும் பாக்கலாம். எங்கட ஊர் ஆக்களுக்கு இதைப் பற்றி வகுப்பெடுக்கத் தேவையில்லை. அம்மா சொல்லுவா, 58 கலவரத்திலயும் சரி 83 கலவரத்திலயும் சரி பஸ்ஸை மறிச்சு வாளியைக் காட்டி இதுக்கு சிங்களத்தில என்ன எண்டு கேப்பாங்களாம், பால்திய (முதல் எழுத்து b) எண்டு சொல்ல வராமல் வால்திய எண்டு வந்தா முடிஞ்சுது. முதல் எழுத்தில ஒரு சத்தம், அவ்வளவுதான் வில்லனுக்கும் அயலவனுக்கும் இடையில இருந்த வித்தியாசம். 83ல எனக்கு எட்டு வயசு, எங்கள ஒளிச்சு வச்சதும் சிங்கள வீடுதான், அந்த அன்ரி எங்களுக்குச் சொல்லித் தந்ததும் அந்த ஒரு சொல்லைத்தான், திருப்பித் திருப்பி.

அதனாலதானோ தெரியாது, டொக்டர் ஹூவில 2018 நவம்பரில வந்த பஞ்சாப் கதையை நான் மூண்டு தரம் பாத்தனான். வினய் பட்டேல் எழுதினது, 1947 பிரிவினை, ஒரு இந்துப் பெடியனும் முஸ்லிம் பெட்டையும் கலியாணம் முடிக்கிற நாள். காட்டுக்குள்ள ரெண்டு பயங்கர உருவம், வௌவால் மாதிரி முகம், பழைய பாணி எண்டா அதுதான் வில்லன், ஐயா சொல்லுற வேற்றுக்கிரகம். ஆனா அதுகள் கொலை செய்ய வரேல்லை, தனியச் செத்துப்போற ஆக்களுக்குப் பக்கத்தில நிக்கிறதுக்காக வாறதுகள், ஒருத்தரும் பாக்காமல் ஒருத்தரும் சாகக்கூடாது எண்டு. கொலைக்குக் காரணம் மாப்பிள்ளைட சொந்தத் தம்பி. அழகான பெடியன், நல்ல முகம். இதிலயும் வில்லன் எங்கட தோல்தான், நான் ஒரு குறையும் சொல்ல மாட்டன், ஏனெண்டா அவன் ஏன் அப்பிடிப் போனவன் எண்டு, ஆற்ற பேச்சைக் கேட்டவன், வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில இருந்து எப்பிடி மாறினவன் எண்டு எல்லாம் கதையில கிடக்கு. பெடியன் அண்டைக்குக் கேட்ட கேள்வி, "தம்பி அண்ணாவையே காட்டிக் குடுப்பானா பெரியம்மா?" அவனுக்குப் பயம் வந்தது சரியான இடத்தில.

2024 ஜூனில வந்த இன்னொண்டும் இருக்கு, அப்ப டொக்டரா வந்தவர் சுட்டி கட்வா, கறுப்பினத்தவர். பணக்காரப் பிள்ளைகள் மட்டும் இருக்கிற ஒரு நகரம், எல்லாரும் தலையைச் சுத்தி ஒரு வெளிச்சக் குமிழுக்குள்ள போன் பாக்கிற மாதிரி ஒருத்தரோட ஒருத்தர் கதைச்சுக்கொண்டு, நத்தை மாதிரி ஒரு பிராணி வந்து அவங்களைத் தின்னுது. முழு நேரமும் நத்தைதான் வில்லன் எண்டு இருந்து பாத்தம். முடியேக்க டொக்டர் வாங்கோ என்ட கப்பலில ஏறுங்கோ காப்பாத்திறன் எண்டு கூப்பிடுறார், அவங்கள் மாட்டம் எண்டுறாங்கள், நீ எங்கட ஆள் இல்லை எண்டு. செத்தாலும் பரவாயில்லை, உன்னோட வர மாட்டம். அப்பத்தான் எனக்கு உறைச்சது, அந்தக் குமிழுக்குள்ள வந்த நகரத்துப் பிள்ளைகள்ட முகம் அத்தினையும் வெள்ளை, நான் முக்கால் மணித்தியாலம் இருந்து பாத்தும் கவனிக்கேல்லை. ஐயா, அதைக் கவனிக்காமல் விட்டது நான்தான், பழக்கம் அப்பிடி.

விண்வெளிக் கதை எழுதின இங்கிலீஷ்காரர் ஆர்தர் சி கிளார்க் எண்டோன எங்கட ஆக்களுக்கு பார்ன்ஸ் பிளேஸும் கனத்தை மயானமும் ஞாபகம் வரும், 1956ல இருந்து இங்க வாழ்ந்து 2008ல இங்கயே கண்ணை மூடின மனிசன். அவர் 1953ல எழுதின சைல்ட்ஹூட்ஸ் எண்ட் கதையில வேற்றுக்கிரக ஆக்கள் வந்து சண்டையை நிப்பாட்டி பசியை நிப்பாட்டி எல்லா நன்மையும் செய்வினம், ஆனா 50 வருஷத்துக்கு முகத்தைக் காட்ட மாட்டினம். ஏனெண்டா அவைக்குக் கொம்பும் செட்டையும் வாலும். மனிசர் சின்னனில இருந்து படத்தில பாத்து வச்சிருக்கிற சாத்தான்ட அதே உருவம். உதவி செய்ய வந்தவன் தன்ட முகத்துக்காக அரை நூற்றாண்டு ஒளிச்சிருக்க வேண்டிக் கிடந்தது. 2015ல அமெரிக்காவில அதை மூண்டு பகுதியா டிவியிலயும் போட்டவை.

வெள்ளைக்காரனை மட்டும் சொல்லிப்போட்டு நான் தப்ப ஏலாது. எங்கட வீட்டில கலியாணத் தரகர் வந்தா முதல் கேள்வி என்ன? "பிள்ளை கறுப்பெண்டாலும் களையான முகம்" எண்டு சொல்லுற அந்த "எண்டாலும்" ஆற்ற வாயில இருந்து வருது? சுருட்டை முடிப் பிள்ளையைக் கண்டா காப்பிலி மாதிரி எண்டு சொல்லுறம், அந்தச் சொல்லுக்குரிய ஆபிரிக்க வம்சாவளி ஆக்கள் புத்தளத்துக்குப் பக்கத்தில சிரம்பியடியில இண்டைக்கும் எங்களோட இந்த நாட்டில இருக்கினம் எண்டது எத்தினை பேருக்குத் தெரியும். எங்கட அண்ணா கனடாவில இருந்து போன் எடுத்தா பக்கத்து வீட்டுக் கறுவல் எண்டுதான் கதையைத் தொடங்குவார், அவரே சுட்டி கட்வாட பெரிய ரசிகர், நான் கேட்டா அது வேற இது வேற எண்டுறார். எங்கட தமிழ் நாடகங்கள்ல அடியாளா வாறவன் என்ன நிறம், நாயகி என்ன நிறம் எண்டு நான் எழுதத் தேவையில்லை, இண்டைக்கு ராவைக்கு டிவியைப் போட்டுப் பாருங்கோ. அந்த டீச்சருக்கு அந்த வசனம் பி.பி.சி பாத்து வந்திருக்காது.

கொன்சர்ட் கதையை முடிக்கிறன். தங்கச்சி விடுங்கோ அக்கா, டீச்சரோட முட்டினா பிறகு பிள்ளைட மேலதான் விடியும் எண்டா, அதுவும் உண்மைதான், எல்லாத் தாய்மாரும் அப்பிடித்தான் யோசிப்பினம். நான் டயரியில ரெண்டு வரிதான் எழுதினன், படைவீரர் ராசா எல்லாருக்கும் பச்சை பூசுவம், சாமான் நான் வாங்கித் தாறன் எண்டு. அடுத்த நாள் டீச்சர் போன் எடுத்து கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை, பிறகு "நான் அப்பிடி நினைச்சுச் சொல்லேல்லை மிஸ்" எண்டா. எனக்குத் தெரியும் எண்டன். புறக்கோட்டையில ஏழு பேருக்கு முகத்துக்குப் பூசுற பச்சை வாங்கினன், வெயிலுக்குள்ள மூண்டு கடை ஏறி இறங்கி. இவன் அதோட நிக்கேல்லை. பூமியை ஏன் பிடிக்க வாறன் எண்டு என்ட வசனத்தில இல்லையே எண்டு டீச்சரிட்டயே போய்க் கேட்டு பன்னிரெண்டாவதா ஒரு வசனம் சேத்துக்கொண்டான், "நீங்கள் உங்கட குப்பையை எல்லாம் எங்கட கிரகத்தில கொண்டு வந்து கொட்டுறீங்கள்" எண்டு. இங்கிலாந்தில இருந்து கொண்டெய்னர் கொண்டெய்னரா குப்பை வந்து எங்கட துறைமுகத்தில நாறின கதையை, பிறகு 2020ல திருப்பி அனுப்பத் தொடங்கினதை, நான்தான் எப்பவோ அவனுக்குச் சொன்னனான். மேடையில அதைச் சொல்லேக்க சனம் சிரிச்சுது, பிறகு பின்வரிசையில ஆரோ கை தட்டினம். ஹீரோப் பெடியனுக்குச் சொல்ல பதில் வசனம் இல்லை, அவன் பாவம் முழிச்சுக்கொண்டு நிண்டான். அந்தப் பச்சை லேசில போகாத சாமான், தேங்காயெண்ணெய் போட்டுத் தேச்சும் காதுக்குப் பின்னால மூண்டு நாள் கிடந்தது, தலகாணி உறை போனதுதான்.

கடைசியா உங்களிட்டையும் ஒண்டு. உங்கட சிறுவர் பக்கத்தில வாற விண்வெளிப் படக்கதையை இவன் ஒரு கிழமையும் விடாமல் வெட்டி ஒட்டி வச்சிருக்கிறான். அதில தண்ணியைக் களவெடுக்கிற வில்லனுக்கு சுருட்டை முடி, தடிச்ச சொண்டு, உடம்பு முழுக்க மை ஊத்தின மாதிரிக் கறுப்பு, கதாநாயகனுக்கு ரோஸ் கலர். ஆறு கிழமையாப் போகுது, அவன் ஏன் தண்ணியைக் களவெடுக்கிறான் எண்டு ஒரு வரி கூட வரேல்லை. கீறுறவரிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ, அவன்ட கிரகத்தில தண்ணி இல்லையோ, ஆரும் பறிச்சவையோ, இல்லாட்டி வேற ஏதுமோ. இவன் ஒவ்வொரு ஞாயிறும் பேப்பரைக் கொண்டு வந்து என்னைத்தான் கேக்கிறான்.

இப்படிக்கு,
பெரியம்மா ஒருத்தி,
வெள்ளவத்தை, கொழும்பு 06